ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது அணியா, ஓட்டுநரா?

அணிதான். ஆனால் கேள்வியோடு, "நல்ல கார் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் ஜெயித்துவிடலாமே, பிறகு ஓட்டுநரை எதற்குக் கொண்டாடுகிறோம்?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். 2011 அக்டோபர் 30, தீபாவளி முடிந்த நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயமான, கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்திய கிராண்ட் பிரீயைப் பார்ப்பதற்காகப் பட்டறையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். (சரியாக இரண்டு மாதம் கழித்து 'தானே' புயல் அந்தப் பட்டறையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதனால் அந்த ஆண்டின் தேதிகள் எனக்கு மறப்பதே இல்லை.) கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் அன்று ஹெச்.ஆர்.டி. அணியின் காரை ஓட்டி 17-ஆவதாக முடித்தார். உடன் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், "நம் ஆள் இவ்வளவுதானா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த முடிவுப் பட்டியலில் நரேனுக்கு அடுத்து, 18-ஆவது இடத்தில் இருந்த பெயர் டேனியல் ரிக்கார்டோ. அதே அணியின் இன்னொரு காரை ஓட்டியவர். 2014-இல் அவர் ரெட் புல் அணிக்குப் போனார். அங்கே அவருக்குச் சக ஓட்டுநர், தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியனான செபாஸ்டியன் வெட்டல். அந்த ஆண்டு ரிக்கார்டோ மூன்று பந்தயங்களை வென்றார். வெட்டல் ஒன்றுகூட வெல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் 18-ஆவதாக வந்த அதே கைகள்தான் இவை. ஹெச்.ஆர்.டி. அணியோ 2010 முதல் 2012 வரை ஓடியும், முன்னணி இடங்களில் முடிப்பவர்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளில் ஒன்றுகூட எடுக்காமலேயே மூடப்பட்டது. நரேனும் ரிக்கார்டோவும் சமமான திறமைசாலிகள் என்று நான் வாதாடவில்லை. ஒரு பந்தயத்தை வைத்து அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்த ஒருவரை "இவ்வளவுதானா" என்று எடைபோடுவதும் நியாயமில்லை.

நரேன் தன் ஃபார்முலா ஒன் வாழ்க்கையில் எடுத்த ஐந்து புள்ளிகளும் 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வந்தவை. மிஷெலின் டயர்கள் அந்தப் பாதையின் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், அந்த டயர்களைப் போட்டிருந்த 14 கார்கள் விலகிக்கொண்டன. ஆறு கார்கள் மட்டுமே ஓடின. முதல் இரண்டு இடங்கள் ஃபெராரிக்கு, அடுத்த இரண்டு ஜோர்டானுக்கு, கடைசி இரண்டு மினார்டிக்கு. நரேன் ஜோர்டானில் நான்காவது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாரியாக வரிசை நிற்பதுபோல், அணி அணியாக வந்து முடித்தார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமென்றால் 2020 டிசம்பரில் பஹ்ரைனில் நடந்த சாகிர் கிராண்ட் பிரீயைப் பாருங்கள். லூயிஸ் ஹாமில்டனுக்குக் கொரோனா வந்துவிட, மெர்சிடிஸ் அவசரமாக ஜார்ஜ் ரஸ்ஸலை அழைத்தது. அதுவரை வில்லியம்ஸ் காரில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர். பழக்கமில்லாத மெர்சிடிஸ் காரில், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் முதலிடத்தை 0.026 விநாடியில்தான் தவறவிட்டார். பந்தயம் தொடங்கியதும் முதல் வளைவிலேயே முன்னிலைக்கு வந்துவிட்டார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, டயர் மாற்ற நுழைந்த இடத்தில் ரேடியோத் தொடர்பில் குழப்பம் ஏற்பட்டு, சக ஓட்டுநர் போட்டாஸின் டயர்களை இவர் காரில் மாட்டிவிட்டார்கள். மாற்றிக்கொள்ள மறுபடி நுழைய வேண்டியதாயிற்று. பிறகு ஒரு டயரில் காற்றும் இறங்கியது. முடித்தது ஒன்பதாவதாக. அவரை முன்வரிசைக்கு ஏற்றியதும் அணி, அங்கிருந்து இறக்கியதும் அணி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

ஜென்சன் பட்டன் கதை இன்னும் சுருக்கமானது. 2008-இல் ஹோண்டா காரில் மொத்தம் மூன்று புள்ளிகள். ஹோண்டா விலகியதும் அதே தொழிற்சாலை பிரான் என்ற பெயரில் 2009-இல் இறங்கியது. காருக்கு அடியில், பின்புறம் காற்று வெளியேறும் பகுதியை இரண்டடுக்காக அமைத்திருந்தார்கள். அதனால் கார் தரையோடு இன்னும் அழுத்திப் பிடித்து, வளைவுகளில் வேகமாகப் போனது. முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்று, பட்டன் அந்த ஆண்டே உலக சாம்பியன் ஆனார்.

எங்கள் துறைமுகத்தில் இந்தக் கேள்விக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு. அதுதான் பெரியது. மீதி ஆட்களுக்கு, அதிலும் டிரைவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். மீன் எங்கே கிடக்கும் என்று நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு டிரைவரை எனக்குத் தெரியும். ஒரு பருவத்தில் அவர் படகில், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாஜில்கள் தேய்ந்து, எஞ்சின் கரும்புகை கக்கியபடி இழுக்க முடியாமல் இழுத்தது. எல்லாருக்கும் பிந்தி வந்து சேர்வார். அதற்குள் ஏலத்தில் விலை இறங்கியிருக்கும். நாஜில்களை மாற்றிக் கொடுத்த பிறகு பழையபடி முதலில் வந்தார். ஆனால் ஒன்று: எஞ்சின் சரியாக இருந்த மற்ற படகுகள் ஒருநாளும் அவர் அளவுக்கு மீன் கொண்டுவந்ததில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுதான் என் பதில். ரஸ்ஸல் கோட்டைவிட்ட அந்த சாகிர் பந்தயத்தை வென்றவர் செர்ஜியோ பெரேஸ். முதல் சுற்றில் மோதலில் சிக்கிக் கடைசி இடத்துக்குப் போய், அங்கிருந்து ஏறி வந்து வென்றவர். சாதாரண ஓட்டுநர் அல்ல. அடுத்த ஆண்டே ரெட் புல் அவரை எடுத்துக்கொண்டது. 2023-இல் அந்த அணியின் கார் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ வென்றது. பெரேஸ் வென்றது இரண்டு. அதே காரில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றது 19. 2024-இல் அந்தக் காரின் வேகம் குறைந்தது. அணிகளுக்கான பட்டியலில் ரெட் புல் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. ஓட்டுநர்களுக்கான பட்டியலில் பெரேஸ் எட்டாவது. வெர்ஸ்டாப்பன் அப்போதும் உலக சாம்பியன். நல்ல கார் யாருக்குக் கிடைத்தாலும் போதும் என்றால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? ஓட்டுநரைச் சக ஓட்டுநரோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

2024 செப்டம்பர் முதல் தேதி, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்துக்குக் கடலூரிலிருந்து பஸ்ஸில் போனேன். அங்கே ஓடிய, ஃபார்முலா ஒன்னுக்குப் பல படி கீழே உள்ள ஃபார்முலா 4 கார்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. சேசிஸும் (காரின் அடிச்சட்டம்) எஞ்சினும் எல்லாருக்கும் ஒன்றே. தொழில் பழக்கத்தில் முதல் சில சுற்றுகள் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிறகு வளைவுக்கு முன்னால் யார் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். பந்தயம் முடியும்வரை வேறெதையும் பார்க்கவில்லை.