ராமநாதபுரம் தீவுப் பார்களில் (பவளப்பாறைத் திட்டுகளில்) மூழ்கிய பழைய கப்பல்களை முக்குளித்துப் பார்க்க முடியுமா?

விருப்பம்போல் இறங்க முடியாது. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பார்களும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

முழுக் கப்பலை எதிர்பார்த்து இறங்குபவர் ஏமாறுவார். வெப்பக் கடலில் மணலுக்கு வெளியே நிற்கும் மரத்தைக் கப்பல் புழு துளைத்துத் தின்றுவிடும். மணலில் புதைந்த அடிப்பலகைகளே தப்பும். நங்கூரம், பீரங்கி போன்ற இரும்புப் பொருள்களின் துரு, கடல்நீரிலுள்ள சுண்ணாம்போடும் மணலோடும் இறுகிக் கெட்டியான ஓடாகிவிட, அதன்மேல் பவளமும் வளர்வதால், பழகாத கண்ணுக்கு அது வெறும் பாறைதான். பார்மேல் இயல்பாகக் கிடக்க இயலாத உருண்டைக் கற்கள் ஒரே குவியலாகத் தெரிந்தால், அவை கப்பல் சாயாதிருக்க அடியில் ஏற்றிய அடிப்பாரக் கற்களாக இருக்கக்கூடும்.

இத்தகைய வேறுபாட்டை முதலில் உணர்பவர்கள் பெரும்பாலும் சங்கு குளிப்பவர்களே. இலங்கையின் தென்கரையில், கொடவாய அருகே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஈராயிரம் ஆண்டுப் பழைமையான கப்பலை 2003இல் உள்ளூர்க் கடலோடிகளே கண்டனர். ஆய்வாளர்கள் பிறகுதான் வந்தனர்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் நீர் கலங்கி எதுவும் தெரியாது. எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தைக் குறித்து, படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கடலுக்குள் ஊறிய இரும்பும் மரமும் உரிய பதப்படுத்தலின்றி வெளியே உலர்ந்தால் வெடித்து உதிரும். நூறாண்டு கடந்த பொருளென்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும்.