கறுப்பினப் பெண் இயக்குநர்களும் திரைப்பட விழாக்களும்: கேள்வி பதில்

கேள்வி: பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் பிரதான போட்டிக்கு முதலில் வந்த கறுப்பினப் பெண் இயக்குநர் யார்?

பதில்: மாத்தி தியோப். 2019இல், ‘அட்லான்டிக்ஸ்’ படத்துடன். கூலி கிடைக்காத, செனகல் தலைநகர் டக்கார் கட்டடத் தொழிலாளர்கள் படகேறிக் கடலுக்குள் போய்விட, ஊரில் தங்கிவிட்ட பெண்களின் கதை. கானின் முதல் விருதான தங்கப் பனைக்கு அடுத்த பெரிய விருதான கிராண்ட் பிரி கிடைத்தது. 1946இல் தொடங்கிய விழாவுக்கு இது மிகவும் தாமதம்.

கேள்வி: அதற்கு முன்பு யாரும் நல்ல படம் எடுக்கவில்லையா?

பதில்: எடுத்தார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாரா மால்டோரோர் 1972இல் ‘சாம்பிசாங்கா’ எடுத்தார். அங்கோலா விடுதலைப் போராட்டக் காலம். போலீஸ் பிடித்துப்போன கணவனைத் தேடி, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒருத்தி சிறை சிறையாக அலைகிறாள். துனிசியாவின் கார்த்தேஜ் விழாவில் முதல் பரிசு வாங்கிய படம் இது. ஆனாலும் நல்ல பிரதி கிடைக்காமல் பல ஆண்டுகள் கிடந்தது. 2021இல் சீரமைத்து வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டுதான் கோவிட்டில் இறந்திருந்தார். செனகலின் சாஃபி ஃபாய் 1975இலேயே தன் கிராமத்து விவசாயிகளைப் பற்றி முழுநீளப் படம் எடுத்தார். மார்தினிக் தீவின் யூஸான் பால்சி 1983இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கினார். திறமைக்குப் பஞ்சமே இல்லை. தயாரிப்புப் பணம், விநியோகம், பிரதியைப் பாதுகாக்க ஓர் இடம், இவைதான் கிடைக்கவில்லை.

கேள்வி: ‘செயின்ட் ஓமர்’ பார்த்தேன். நீதிமன்றத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: பொறுமையாக இன்னொரு முறை பாருங்கள். கைக்குழந்தையைக் கடற்கரையில் அலைக்கு விட்டுவந்த தாயின் உண்மை வழக்கு அது. இயக்குநர் அலிஸ் தியோப் அந்த விசாரணைக்கு நேரில் போய் உட்கார்ந்தவர். ஆவணப்படம் எடுத்துப் பழகிய கை என்பதால் கேமரா அந்தப் பெண்ணின் முகத்தை விட்டு அவசரமாக நகர்வதில்லை. அவளை எடைபோடும் வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறது. 2022 வெனிஸில் நடுவர் குழுவின் பெரும் பரிசும், அறிமுக இயக்குநர் விருதும் இதற்குத்தான்.

கேள்வி: இரண்டு தியோப்களும் சொந்தக்காரர்களா?

பதில்: இல்லை. மாத்தி, செனகல் இயக்குநர் ஜிப்ரில் தியோப் மாம்பெட்டியின் தம்பி மகள்.

கேள்வி: விழாவில் பாராட்டு கிடைத்தால் சொந்த நாட்டிலும் படம் ஓடுமா?

பதில்: அதற்கு உத்தரவாதம் இல்லை. வனூரி கஹியூவின் ‘ரஃபிகி’ 2018இல் கானுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். இரண்டு பெண்களின் காதல் கதை என்பதால் அந்த ஆண்டு கென்யாவில் தடை விதித்தார்கள். நீதிமன்றம் ஏழு நாள் மட்டும் தடையை நிறுத்திவைத்தது. அப்போது நைரோபியில் காட்சிகள் நிரம்பி வழிந்தன. பார்க்க ஆள் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: மாத்தி தியோப்பின் ‘தஹோமி’. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பிரான்ஸ் 2021இல் பெனின் நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்த 26 அரசவைப் பொருள்களின் பயணம். அதில் ஒரு சிலை தானே பேசுகிறது. 2024இல் பெர்லின் விழாவின் முதல் விருதான தங்கக் கரடி வாங்கிய படம். அப்புறம் ஜாம்பியாவில் பிறந்த ருங்கானோ நியோனியின் ‘ஐ ஆம் நாட் எ விட்ச்’ பாருங்கள்.