பாஸ்டரும் மூப்பர்களும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ஒரு சுயாதீன சபையில் வளர்ந்தவன். எங்கள் பாஸ்டர் நல்லவர்தான், ஆனால் காணிக்கைக் கணக்கிலிருந்து பாட்டு வரை எல்லாம் அவர் ஒருவர் முடிவு. என்னோடு வேலை செய்யும் மிசோரம் நண்பர் பிரெஸ்பிட்டேரியன். அவர்கள் சபையில் மூப்பர்களும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்களாம். அப்படியென்றால் போதகர் கமிட்டிக்குச் சம்பள ஆள் ஆகிவிட மாட்டாரா? தேவசித்தத்தை ஓட்டுப் போட்டா கண்டுபிடிப்பது?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தச் சம்பள ஆள் விஷயம். இந்த முறை ஆழமாக வேரூன்றிய ஸ்காட்லாந்தில், உள்ளூர் மூப்பர்கள் நினைத்தால் போதகரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதும், புகார் வந்தால் விசாரிப்பதும் பிரெஸ்பிட்டரி, அதாவது அந்த வட்டாரத்துப் போதகர்களும் மூப்பர்களும் சமமாக உட்காரும் சங்கம். ஊர்ச் சபையை நடத்தும் மூப்பர்களின் ‘செஷன்’ கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரும் போதகர்தான், ஆனால் அங்கே அவர் தனியாக எதையும் தீர்மானிக்க முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலே பொதுப் பேரவை. அதற்கும் நிரந்தரத் தலைவர் கிடையாது. மாடரேட்டர் ஒரு வருடம் கூட்டத்தை நடத்திவிட்டு இறங்கிவிடுவார்.

இத்தனை சங்கங்கள் எதற்கு? சபைக்குத் தலை கிறிஸ்து ஒருவரே என்று எல்லாக் கிறிஸ்தவர்களும்தான் சொல்கிறோம். அப்படியானால் அந்த இடத்தில் பிஷப்போ ராஜாவோ நல்ல பாஸ்டரோ உட்காரக் கூடாது என்று பிரெஸ்பிட்டேரியன்கள் அதைக் கடைசிவரை கொண்டுபோனார்கள். 1596-இல் ஸ்காட்லாந்து இறையியலாளர் ஆண்ட்ரூ மெல்வில் ஆறாம் ஜேம்ஸ் ராஜாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துவின் ராஜ்யத்தில் நீங்கள் தலையல்ல, ஓர் அங்கம்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மூப்பர்களுக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் 1 தீமோத்தேயு 5:17. விசாரணை செய்யும் மூப்பர்கள் உண்டு, அவர்களில் உபதேசத்தில் உழைப்பவர்களும் உண்டு என்று அதை வாசிக்கிறார்கள்.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூப்பர் ஓட்டுப் போட்டவர்களின் ஏஜென்ட் இல்லை. சபையார் தேர்ந்தெடுத்தாலும் அவர் கணக்குக் கொடுக்கவேண்டியது கிறிஸ்துவுக்கு. ஆனால் சபையாரின் குரலை மிதித்தால் என்ன ஆகும் என்பதை ஆக்டரார்டர் என்ற ஊரில் பார்க்கலாம். 1834-இல் அந்த வட்டாரப் பிரபு ராபர்ட் யங் என்பவரைப் போதகராக நியமித்தார், 1712-ஆம் வருடச் சட்டம் பிரபுக்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. குடும்பத் தலைவர்கள் 330 பேரில் 287 பேர் எங்களுக்கு இவர் வேண்டாம் என்றார்கள். பிரெஸ்பிட்டரியும் அவரை ஏற்கவில்லை. வழக்கு அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபை (நாடாளுமன்ற மேலவை) வரை போய், 1839-இல் திருச்சபைக்கு எதிராகவே தீர்ந்தது. இதைப் போல இன்னும் சில வழக்குகள், கடைசியில் 1843 மே 18 அன்று எடின்பரோவில் பேரவை கூடியபோது மாடரேட்டர் டேவிட் வெல்ஷ் ஆட்சேப அறிக்கையை வாசித்து, மேஜையில் வைத்து, ராணியின் பிரதிநிதிக்குத் தலைவணங்கிவிட்டு வெளியே நடந்தார். அந்தப் பக்கத்தின் முக்கியத் தலைவர் தாமஸ் சால்மர்ஸும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். மொத்தத்தில் 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டு வெளியேறி சுதந்திர சபையை அமைத்தார்கள். ஸ்ட்ரான்டியன் என்ற ஊரில் நிலக்கிழார் கோயில் கட்ட இடம் தராததால் ஏரிபோல உள்வாங்கிய கடலில் இரும்பில் மிதக்கும் ஆலயம் ஒன்றைக் கட்டி நிறுத்தினார்கள். (சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கம் சேர்ந்தார். அந்தப் பள்ளிதான் பிற்பாடு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது.) இது கமிட்டி அரசியல் என்று என்னால் சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. முடிவுகள் ஆமை வேகத்தில் வரும், நாலு குடும்பங்களே செஷனை வளைத்துப்போடுவதும் நடக்கும். ஸ்காட்லாந்து சபை பெண்களை மூப்பர்களாக ஏற்றதே 1966-இல்தான். கூட்டமாக எடுத்த முடிவு தவறாது என்று அவர்களும் நம்புவதில்லை. ஆலோசனைச் சங்கங்கள் தவறக்கூடும், பல தவறியும் இருக்கின்றன என்று அவர்களுடைய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் செஷனின் முடிவு பிடிக்காதவர் பிரெஸ்பிட்டரிக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள்.

உங்கள் பாஸ்டர் நல்லவர் என்கிறீர்கள், நம்புகிறேன். அப்படியானால் அவரிடமே நேரடியாகக் கேட்கலாம்: காணிக்கைக் கணக்கை அவரோடு சேர்ந்து பார்க்க இரண்டு பேரைச் சபையே தேர்ந்தெடுக்கட்டுமா, அவர்மேல் ஒருவருக்கு வருத்தம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.