தகரத்தில் துளை போட எதை வாங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எலெக்ட்ரிக் பேனல் பெட்டியில் கேபிள் கிளாண்டு (கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு) மாட்ட 12 மி.மீ. பிட் வாங்கித் துளை போட்டேன். வட்டமாக வராமல் முக்கோணமாக வருகிறது. மிஷினை மாற்ற வேண்டுமா? (மதுரை)

பதில்: மிஷினில் குறை இல்லை. சாதாரண பிட்டின் முனை மெல்லிய தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போன பிறகுதான் அதன் முழு அகலமும் தகரத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் முனைக்குப் பிடிமானம் கிடையாது. பிட் ஆடும், துளை மூன்று மூலையாகிவிடும். ஸ்டெப் டிரில் வாங்குங்கள். கூம்பு வடிவத்தில் படிப்படியாக அகலும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழிகாட்டும். வாங்கும்போது ஒரு படியின் உயரம் உங்கள் தகட்டின் கனத்தைவிட அதிகமா என்று பாருங்கள். 18 கேஜ் தகடு 1.2 மி.மீ.தான், அதற்குத் தாராளமாகப் போதும். எந்தெந்த அளவுகள் உண்டு என்றும் படியுங்கள். 4 முதல் 32 மி.மீ. வரை போகும் பிட்டுகளில் பல 2 மி.மீ. இடைவெளியில் ஏறுபவை. 24 இருக்கும், 26 இருக்கும், 25 இருக்காது.

கேள்வி: வீட்டில் கான்கிரீட் பிட் இருக்கிறது. ஹாமர் மோடில் வைத்துத் தகரத்தைத் துளைக்கலாமா? (நாமக்கல்)

பதில்: கூடாது.

கேள்வி: சிறிய பட்டறை வைத்து நானே கிரில் வேலை செய்கிறேன். 'கோபால்ட்' என்று சொல்லித் தங்க நிற பிட் செட்டை 1,450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மெதுவாக ஓட்டி, எண்ணெய் விட்டும் இரண்டாவது துளையிலேயே முனை நீலமாகி மழுங்கிவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (ஓசூர்)

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. இந்தத் தங்க நிறத்தால் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பொருட்காட்சியில் 13 பிட் கொண்ட செட் வாங்கினேன். பழைய பீரோவின் கதவில் நான்கு துளை போடுவதற்குள் மூன்று பிட் போய்விட்டது. அன்றிலிருந்து நிறத்தைப் பார்த்து எதையும் வாங்குவதில்லை.

தங்க நிறம் என்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் நிறம். அசல் பூச்சே சில மைக்ரான் கனம்தான். அதே நிறத்தை மட்டமான எஃகின் மேலும் ஏற்றிவிடலாம். கோபால்ட் பூச்சே அல்ல, எஃகோடு சேர்ந்தே உருக்கப்படுவது: எம்35 ரகத்தில் 5 சதவீதம், எம்42-ல் 8 சதவீதம். அசல் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் எனும் பிட் எஃகு) 600 டிகிரி வரை சூடானாலும் கடினம் குறையாது. சாதாரண கார்பன் எஃகு அதில் பாதிச் சூட்டுக்குள்ளேயே இளகிவிடும். சாணைக்கல்லில் லேசாக வைத்துப் பாருங்கள். கார்பன் எஃகு என்றால் பொறி வெள்ளையாகப் பூப்பூவாகச் சிதறும், எச்.எஸ்.எஸ். என்றால் மங்கிய சிவப்பில் கொஞ்சமாக வரும். அரத்தால் சோதித்தால் வெட்டும் பகுதியில் சோதியுங்கள், நல்ல பிட்டிலும் தண்டு மென்மையாக இருக்கலாம்.

பில்லில் உள்ள அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பட்டறைக்காக வாங்கியதுதானே என்று கடைக்காரர் வாதிடலாம். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அப்புறமும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: எஸ்.எஸ். சிங்க்கில் குழாய்க்கு 35 மி.மீ. துளை வேண்டும். 2,800 சுற்று மிஷின் போதுமா, இன்னும் வேகமானது வாங்கவா? (தஞ்சாவூர்)

பதில்: வேகம் கூடக் கூடக் கெடும். தேய்த்துச் சூடாக்கினால் ஸ்டெயின்லெஸ் இறுகிக்கொள்ளும், பிறகு எதுவும் வெட்டாது. 35 மி.மீ. ஹோல்சாவுக்கு (வட்டமாக வெட்டியெடுக்கும் வளைய ரம்பம்) நிமிடத்துக்கு 100 சுற்றுப் பக்கம் இருந்தால் சரி. கார்ட்லெஸ் மிஷினை முதல் கியரில் வைத்து, பைமெட்டல் ஹோல்சா மாட்டி, எண்ணெய் விட்டு, அழுத்தி ஓட்டுங்கள். அதற்கு முன் குழாய்ப் பெட்டியில் துளை அளவைப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன அளவை நம்பி சிங்க்கை வெட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு துளைத்தேன். பிட் கவ்வி, தகடு சுழன்று கை கிழிந்துவிட்டது. பிட் விற்ற கடை மேல் புகார் செய்யலாமா? கையுறை போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா? (ஈரோடு)

பதில்: கடையை ஏன் இழுக்கிறீர்கள்? தகட்டைக் கையில் பிடிக்கச் சொன்னது யார்? பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிட்டும் இதைச் செய்யும். கையுறை இன்னும் மோசம், துணி பிட்டில் சுற்றி விரலையும் இழுத்துவிடும். இரண்டு சி-கிளாம்ப் வாங்குங்கள். தகட்டுக்கு அடியில் மரத்துண்டு வைத்து இறுக்குங்கள், சென்டர் பஞ்சால் (கூர்முனைக் கருவி) குறி அடியுங்கள், கண்ணாடி போடுங்கள். காயத்துக்கு டிடி ஊசி போட்டாயிற்றா? இல்லையென்றால் இன்றே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.