கொலாஜன் சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், கொலாஜன் பவுடரைப் பாலில் கலந்து குடித்தால் மூட்டு பலமாகுமா?

பதில்: கொலாஜன் என்பது எலும்பு, தோல், மூட்டு இவற்றுக்கு உறுதி தரும் புரதம். ஆனால் பவுடர் நேராக மூட்டுக்குப் போய்ச் சேராது. குடலில் புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்களாகவும், அவை சில சேர்ந்த குட்டிப் பெப்டைடுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் கலக்கும். அந்தக் காசுக்குப் பருப்பு, முட்டை, அப்புறம் கொய்யாவோ நெல்லிக்காயோ வாங்குங்கள் என்பேன். வைட்டமின் சி இல்லையென்றால் உடம்பு செய்யும் கொலாஜன் உறுதிப்படாது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு கசிவது அதனால்தான்.

கேள்வி: தங்கை குழந்தைக்கு ஒன்றரை வயதுக்குள் இரண்டு முறை எலும்பு முறிந்துவிட்டது. கண்ணின் வெள்ளையில் நீலம் தெரிகிறது. கொலாஜன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். ஓர் எழுத்துக்கா இவ்வளவு?

பதில்: ஆமாம். கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு. இந்த அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். இழையில் மூன்றாவது இடம்தோறும் கிளைசின்தான் வர வேண்டும். முறுக்கின் நடுவில் அந்தச் சின்ன அமினோ அமிலத்துக்கு மட்டுமே இடம் உண்டு. மரபணுவில் எழுத்து மாறி, கிளைசின் இடத்தில் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு அங்கேயே தடுமாறும்.

எலும்பிலுள்ள முதல் வகைக் கொலாஜனில் ஆல்ஃபா-1 இழை இரண்டு, ஆல்ஃபா-2 ஒன்று. ஆல்ஃபா-1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால் பாதி இழை பழுது. அவை இரண்டிரண்டாகச் சேரும்போது நான்கில் ஒரு கயிறுதான் முழுக்க நல்லதாக அமையும். பழுதான பிரதி இழையே தயாரிக்காவிட்டால் கொலாஜன் பாதியாகக் குறையும். ஆனால் இருப்பதெல்லாம் நல்லது, நோயும் பெரும்பாலும் லேசு. அதனால் எந்த வகை மாற்றம் என்று அவசியம் கேளுங்கள்.

டயபர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். புட்டத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். பெற்றவள் கவனிக்கவில்லை என்று யாரையும் பேச விடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. ரொம்ப உயரம், விரல்கள் நீளம், பள்ளி வாலிபால் டீமில் இருக்கிறான். மார்ஃபன் என்று சந்தேகப்படலாமா?

பதில்: மார்ஃபன் என்பது உடம்பைத் தாங்கும் இணைப்புத் திசு பலவீனமாகும் மரபணு நோய். உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு ஆட அனுப்புங்கள். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்திருந்தது, மார்ஃபன் இருந்தது இறந்த பிறகுதான் தெரிந்தது. இந்த நோயில் பழுது கொலாஜனில் இல்லை, ஃபைப்ரில்லின் என்ற வேறொரு புரதத்தில். செல்களுக்கு வெளியே உள்ள பின்னலில் மீள்தன்மை தரும் நார்களுக்கு அதுதான் ஆதாரம். கண் லென்ஸ் விலகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் மகாதமனி விரிவதை மாத்திரையால் மட்டுப்படுத்தலாம்.

கேள்வி: என் கட்டைவிரல் முன்னங்கையைத் தொடும், முட்டி பின்பக்கம் வளையும், தினமும் வலி. மரபணு டெஸ்ட் நார்மல். எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள்.

பதில்: மனப்பிரமை இல்லை, அம்மா. எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்பது இணைப்புத் திசு பலவீனமாகும் நோய்களின் தொகுப்பு. அதில் மூட்டு தளரும் வகைக்கு இன்னும் மரபணுவே பிடிபடவில்லை. அதனால் நார்மல் ரிப்போர்ட் அதை இல்லையென்று ஆக்காது. உடம்பைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்வார்கள். வளைத்துக் காட்டுவதை விட்டுவிட்டு, மூட்டைச் சுற்றியுள்ள தசையை பிசியோதெரபிஸ்ட் துணையோடு மெதுவாகப் பலப்படுத்துங்கள். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது ரத்தக்குழாயோ குடலோ வெடித்ததுண்டு என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது மூன்றாம் வகைக் கொலாஜன் பழுதாகும் வேறு நோயாக இருக்கலாம். அதற்கு டெஸ்ட் உண்டு.