மூன்று பச்சை விளக்கும் எரியாவிட்டால்?

கேள்வி: அமெரிக்காவில் கமர்ஷியல் பைலட் உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். விமானம் பைப்பர் ஆரோ, பறக்கும்போது சக்கரத்தை மடக்கிக்கொள்ளும் சின்ன விமானம். விடிவதற்கு முன் கிளம்பி, நல்ல வெயில் ஏறிய பிறகு திரும்பினோம். சக்கரத்தை இறக்கும் லீவரைக் கீழே தள்ளியும் மூன்று சக்கரங்களும் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. பயிற்றுநர் ஏதோ ஒரு குமிழைத் திருகினார், மூன்றும் எரிந்தன. தனியாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நிஜமாகவே சக்கரம் இறங்காவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவர் திருகியது, முன்னால் உள்ள கருவிகளுக்கு வெளிச்சம் தரும் பேனல் லைட்டின் குமிழ். இருட்டில் கண் கூசக்கூடாது என்பதற்காக, ஆரோவில் பேனல் லைட்டைப் போட்டதும் இந்தப் பச்சை விளக்குகள் மங்கிவிடும். விடியற்காலையில் போட்ட லைட்டை அணைக்க மறந்துவிட்டால், வெயிலில் அந்த மங்கிய பச்சை கண்ணுக்கே தெரியாது. சக்கரம் ஒழுங்காக இறங்கிப் பூட்டிக்கொண்டிருக்கும், நமக்குத்தான் வயிறு கலங்கும். ஆரோ ஓட்டுகிற பலருக்கும் இது ஒரு முறையாவது நடந்திருக்கும்.

தனியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறுவது. ஓடுபாதையை நெருங்கிக்கொண்டே விளக்கை ஆராயாதீர்கள். டவரிடம் விஷயத்தைச் சொல்லி, மற்ற விமானங்கள் சுற்றும் பாதையிலிருந்து விலகி, இரண்டு மூன்றாயிரம் அடி உயரத்தில் நிதானமாக நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகு கையேட்டைத் திறங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லாருடைய கவனமும் அந்த பல்பில். இடையில் ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துவைப்பதை விட்டுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் ஃபியூஸ். ஆறு வருடம் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லாந்தில் யுனைடெட் 173 விமானம் சக்கரக் கோளாறுக்காகச் சுமார் ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். இரண்டும் பெரிய விமானங்கள், ஆனால் ஒற்றை ஆளாகச் சின்ன விமானம் ஓட்டுகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பக்கத்தில் உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. எனவே கையேட்டைத் திறப்பதற்கு முன்பே எரிபொருளைப் பார்த்து, இத்தனை மணிக்கு எப்படியும் இறங்கிவிடுவேன் என்று ஒரு நேரத்தை, முழங்காலில் கட்டியிருக்கும் குறிப்பு அட்டையில் எழுதி வையுங்கள்.

அப்புறம் எளிதானவற்றைப் பாருங்கள். மாஸ்டர் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா? சர்க்யூட் பிரேக்கர் ஏதாவது வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா? இருந்தால் ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மறுபடி வெளியே வந்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் வயர் தீப்பிடிக்கும். பகலென்றால் பேனல் லைட்டை அணையுங்கள். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால், எரிகிற விளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகிப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரிதான். இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்தும் பார்க்கலாம். மானிஃபோல்டு அழுத்தம், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், சுமார் 14 அங்குலத்துக்குக் கீழே போகும்போது சக்கரம் பூட்டாமல் இருந்தால் ஹார்ன் அலறும். அலறவில்லை, சிவப்பு எச்சரிக்கை விளக்கும் இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் பல்பில்தான்.

நிஜமாகவே இறங்கவில்லையா? இங்கேதான் ஆரோவின் அமைப்பு உங்களுக்குத் துணை நிற்கிறது. அதில் சக்கரத்தை மேலே தாங்கிப் பிடித்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே, கொக்கி எதுவும் இல்லை. அழுத்தம் போய்விட்டால் சக்கரம் தன் எடையிலேயே கீழே விழும்; முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் உதவும். எனவே வேகத்தைக் குறையுங்கள். பல ஆரோக்களில் இந்த வரம்பு 87 நாட் (மணிக்குச் சுமார் 160 கி.மீ.), ஆனால் உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. சக்கர லீவர் கீழே இருக்கட்டும். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள அவசர லீவரைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் பூட்டவில்லையென்றால், ரடரை (வாலில் இருக்கும் சுக்கானை) இடதும் வலதுமாகச் சட்டென்று மிதித்து விமானத்தின் மூக்கை ஆட்டுங்கள். சக்கரக் கால்கள் பக்கவாட்டில் வீசப்பட்டுப் பூட்டில் போய் விழும். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பைப்பர் கையேடே சொல்கிற வழி இது. முன்சக்கரம் மட்டும் அடம்பிடித்தால், பாதுகாப்பான மிகக் குறைந்த வேகத்துக்கு வாருங்கள். எதிர்க்காற்றின் அழுத்தம் குறைந்தால் இறங்க வாய்ப்பு அதிகம்.

இந்த முறையை வேறு விமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். செஸ்னா 172 ஆர்ஜியில் கையால் பம்ப் அடிக்க வேண்டும். பீச்கிராஃப்ட் பொனான்சாவில் ஒரு கைப்பிடியைச் சுமார் 50 சுற்று சுற்ற வேண்டும்.

டவர் அருகே நீங்கள் தாழப் பறந்து, அங்கிருப்பவர்களைச் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லலாம். சக்கரம் கீழே தெரிகிறது என்று அவர்களால் சொல்ல முடியும். பூட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. எல்லாம் செய்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் தயங்காமல் அவசர நிலை அறிவியுங்கள். தீயணைப்பு வண்டி தயாராக நிற்கட்டும். பிறகு காகித வேலை வருமே என்று வாய் மூடி இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இறக்கைகளுக்குக் கீழே உள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்று மட்டும் இறங்கி, மற்றது வரவே இல்லை என்றால், ஹைட்ராலிக் வேலை செய்கிற பட்சத்தில் எல்லாவற்றையும் மடக்கி வயிற்றால் இறங்குவதே மேல் என்பது என் கருத்து. ஒற்றைக் காலில் இறங்கினால் விமானம் ஓடுபாதையை விட்டுச் சுழன்று ஓடும். வயிற்றால் இறங்குவது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஆட்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வருகிறார்கள். 2024 மே 13 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாஸிலில், சக்கரம் இறங்காத ஒரு பீச்கிராஃப்ட் கிங் ஏர் சுமார் மூன்று மணி நேரம் சுற்றி எரிபொருளைக் குறைத்துவிட்டு அப்படித்தான் இறங்கியது. மூன்று பேருக்கும் காயமில்லை.

நீளமான தார் ஓடுபாதையைத் தேர்ந்தெடுங்கள். ஆரோவில் இறக்கை தாழ்வாக இருப்பதால் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்) போட வேண்டாம் என்கிறது கையேடு. வழக்கமான வேகத்தில் வாருங்கள், தரையைத் தொடுவதற்கு முன் கதவின் தாழ்ப்பாளை விடுவியுங்கள். புரொப்பெல்லரைக் காப்பாற்ற உயரத்திலேயே இன்ஜினை அணைக்கும் ஆசை வரும். வேண்டாம். ஓடுபாதை நிச்சயம் கையில் வந்த பிறகே த்ராட்டில், இக்னிஷன், மாஸ்டர், எரிபொருள் எல்லாவற்றையும் மூடுங்கள். புரொப்பெல்லரும் இன்ஜினும் இன்ஷூரன்ஸ்காரர் கவலை.

சக்கரம் தாங்கி நல்லபடியாக இறங்கிவிட்டாலும் டாக்ஸி செய்துகொண்டு, அதாவது தரையில் ஓட்டிக்கொண்டு, ஹேங்கருக்குப் போகாதீர்கள். ஓடுபாதையிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கி விலகி நில்லுங்கள். மெக்கானிக் வந்து ஜாக் வைத்துத் தூக்கிப் பார்க்கும்வரை அந்த விமானத்தின் அடியில் யாரும் போகக்கூடாது.