இங்கிலாந்தில் ஒரே ஒரு கிராமத்தைப் பார்க்க நேரமிருந்தால் எங்கே போகலாம்?

காட்ஸ்வோல்ட்ஸ் என்ற அழகான குன்றுப் பகுதிக்குப் போகச் சொல்லிப் பலர் பதில் எழுதுவார்கள். போட்டோவுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு கிராமம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் லாக்ஸ்டனுக்குப் போங்கள். நாட்டிங்காம்ஷயரில், நியூவார்க் பக்கம், கனத்த களிமண் பூமியில் உள்ள சிற்றூர்.

அங்கே பண்ணைவீடுகள் வயல் நடுவில் தனித்தனியாக நிற்காமல், ஊர்த் தெருவிலேயே வரிசையாக இருக்கும். பல வீடுகளின் பக்கச்சுவர்தான் தெருவைப் பார்க்கும். வயல் முழுக்க ஊருக்கு வெளியே: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று பெரும் பரப்புகள். வேலி கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் நீளப் பட்டைகளாக நிலம் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்கு வரும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. இப்போது தரிசில் புல்லும் தீவனமும் வளர்க்கிறார்கள்.

இடைக்கால இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இதுதான் நடைமுறை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு, பொதுவயல்களை வேலியடைத்துத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது. அதில் தப்பிய மிகச் சில ஊர்களில் லாக்ஸ்டனும் ஒன்று. 1635இல் நில அளவையாளர் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அந்தத் தெருவில் நடக்கலாம். பட்டைகள் மட்டும் 1900களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு அகலமாகிவிட்டன.

எனக்குப் பிடித்தது அங்குள்ள ஊர்நீதிமன்றம்தான். குளிர்கால விதைப்பு முடிந்ததும், விவசாயிகளிலிருந்தே தேர்ந்தெடுத்த ஜூரிகள் வயலுக்குப் போய், யாராவது பொதுப்பாதையையோ புல்தரையையோ சேர்த்து உழுதிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லையில் முளைக்குச்சி அடிப்பார்கள். அடுத்த வாரம் ஊர் பப்பில் நீதிமன்றம் கூடும். உழுதவருக்கு அபராதம். நம்மூர் வரப்புத் தகராறுதான், தீர்ப்பு மட்டும் சீக்கிரம் வந்துவிடும்!

நிலத்தின் உரிமையாளரான மான்வர்ஸ் பிரபு 1952இல் இதை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது முடியாட்சியின் பெயரிலுள்ள சொத்துகளை நிர்வகிக்கும் அரச எஸ்டேட்டிடம் (Crown Estate) போனது. 2020இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட். அதுவே முன்பு மான்வர்ஸ் குடும்பத்தின் இருப்பிடம் என்பது வேடிக்கை.

ஊரின் வடக்கில் நார்மன் கோட்டை மேடும் இருக்கிறது, புல் மூடிய மண்மேடுதான். மழை பெய்திருந்தால் பூட்ஸ் இல்லாமல் வயல் பக்கம் போகாதீர்கள்.